உள் நெட்வொர்க்குக்கு ஒரு டிஎன்எஸ்: பெயரில்தான் பாதி வேலை

உங்கள் நெட்வொர்க்கில் ஐபி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கும் இடங்களை ஒரு தடவை தேடிப் பாருங்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் ஒன்று இருக்கும். பிரவுசர் புக்மார்க்கில் நாலைந்து. எஸ்எஸ்எச் கான்ஃபிக், டேட்டாபேஸ் இணைப்பு வரி, கண்காணிப்புக் கருவி, பிரிண்டர் அமைப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எண் மாறாதவரை சிக்கல் இல்லை. ரவுட்டரை மாற்றி, 192.168.1 என்று இருந்தது 192.168.50 ஆகும் நாளில்தான் எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்பது தெரியவரும். எல்லாவற்றையும் திருத்திவிட்டோம் என்று நினைத்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். பெரும்பாலும் அது பேக்கப் ஸ்கிரிப்டாக இருக்கும், ஏனென்றால் பேக்கப் நின்றுபோனால் யாருக்கும் உடனே தெரிவதில்லை.

பெயரைச் சொன்னால் அதற்கான ஐபி எண்ணைத் தரும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றை உள் நெட்வொர்க்கில் வைப்பது இதற்காகத்தான். எண் ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்ற எல்லா இடத்திலும் பெயர் இருக்கட்டும். இரண்டு மூன்று கணினிகள் மட்டும் உள்ள இடத்துக்கு இது தேவையில்லை. பெயரையும் எண்ணையும் ஜோடியாக வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், ஒவ்வொரு கணினியிலும் நாலு வரி எழுதினால் போதும். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டே வெகுகாலம் அப்படித்தான் ஓடியது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பராமரித்தது, மற்றவர்கள் அதை எஃப்டிபி வழியாக இறக்கிக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்து, இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 882, 883 ஆக எழுதினார். 1987-ல் வந்த 1034, 1035 இரண்டும் இன்றைக்கும் அடிப்படை. சின்ன நெட்வொர்க்கிலும் அதே கதைதான் திரும்ப நடக்கிறது: ஒரு கணினியில் திருத்திய ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்னொன்றில் பழையதாகவே கிடக்கும், கைப்பேசியில் திருத்தவே வழி இருக்காது.

சர்வரை நிறுவுவதில் பெரிய வேலை ஏதும் இல்லை. பேக்கேஜை இறக்கி, பத்து வரி கான்ஃபிக் எழுதினால் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. என் அனுபவத்தில் ஒரு உள் டிஎன்எஸ் நீடித்து நிற்பதும் பாதியில் கைவிடப்படுவதும் வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. என்ன பெயர் வைத்தோம், யார் யார் உண்மையிலேயே அந்த சர்வரைக் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் பற்றித்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

எந்த டொமைனின் கீழ்?

சர்வர் மென்பொருளை ஒரு மாலையில் மாற்றிவிடலாம். டொமைன் பெயரை அப்படி மாற்ற முடியாது. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள், ஸ்கிரிப்டுகள், ஆட்களின் விரல் பழக்கம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் முதல் நாளே இதற்கு நேரம் கொடுங்கள்.

நிறையப் பேர் கையில் முதலில் வருவது .லோக்கல். வேண்டாம். 2013-ல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. ஆப்பிள் கருவிகளும், அந்த முறைக்கான அவாஹி மென்பொருள் ஓடும் லினக்ஸ் கணினிகளும் .லோக்கல் என்று முடியும் பெயரைப் பார்த்தால் உங்கள் சர்வரிடம் வராமல், 5353 போர்ட்டில் பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் கூவிக் கேட்கும். சில கணினியில் பெயர் வேலை செய்யும், சிலதில் செய்யாது, சிலதில் ஐந்து விநாடி தாமதித்துச் செய்யும். இப்படி ஆளுக்கொரு விதமாக வெளிப்படும் பழுதைத் தேடிப் பிடிப்பதற்கு, முழுசாக உடைந்துபோனதைச் சரிசெய்வது எவ்வளவோ மேல்.

அடுத்தது, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து நாமாகவே ஒரு முடிவொட்டைக் கண்டுபிடிப்பது. .டெவ் என்ற பெயரை எத்தனையோ புரோகிராமர்கள் தங்கள் கணினிக்குள் வைத்துப் பழகியிருந்தார்கள். அது கூகுள் கைக்குப் போனது. 2017 டிசம்பரில் குரோம் 63 வந்தபோது, .டெவ் என்று முடியும் எல்லாத் தளத்தையும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறக்கும்படி பிரவுசரிலேயே பதித்துவிட்டார்கள். அதுவரை சாதா ஹெச்டிடிபியில் ஓடிய உள் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின.

.கார்ப் கதை இன்னும் கவலைக்குரியது. அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வந்த ஆரம்பத்தில், உள் டொமைனுக்கு எடுத்துக்காட்டாக 'கார்ப்' என்ற பெயர் புழங்கியது. பலர் அதையே வைத்துக்கொண்டார்கள். அலுவலக லேப்டாப்பை வெளியே எடுத்துப்போய் வேறு வைஃபையில் இணைத்தால், அது உள் சர்வரைத் தேடி கார்ப்.காம் என்ற நிஜ டொமைனின் கதவைத் தட்டியது. 2019-ல் அந்த டொமைனுக்கு வரும் போக்குவரத்தைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கவனித்தபோது 3,75,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அங்கே தகவல் அனுப்ப முயன்றுகொண்டிருந்தன. தப்பான கைக்குப் போகக்கூடாது என்று 2020-ல் மைக்ரோசாஃப்டே அந்த டொமைனை விலைக்கு வாங்கியது. ஒரு எடுத்துக்காட்டுப் பெயரை மாற்றாமல் விட்டதன் விளைவு இது.

சரி, எதைத்தான் வைப்பது? பாதுகாப்பான வழிகள் மூன்று இருக்கின்றன. வீட்டு நெட்வொர்க்குக்கு என்றே 2018-ல் ஆர்எஃப்சி 8375 ஹோம்.ஆர்பா என்ற பெயரை ஒதுக்கியது. .இன்டர்னல் என்பதைத் தனியார் பயன்பாட்டுக்கென்று, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024 ஜூலையில் ஒதுக்கியது. இனி அது பொது இணையத்தில் யாருக்கும் தரப்படாது. மூன்றாவது, ஏற்கெனவே நீங்கள் பதிவுசெய்து வைத்திருக்கும் டொமைனின் கீழ் ஒரு கிளை. எக்சாம்பிள்.காம் உங்களுடையது என்றால் இன்ட்.எக்சாம்பிள்.காம்.

சொந்த டொமைன் இருப்பவர்களுக்கு மூன்றாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன், சான்றிதழ்தான் காரணம். பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் .இன்டர்னல் போன்ற உள் பெயர்களுக்கு இப்போது சான்றிதழ் தருவதில்லை. பழையதாகத் தந்தவற்றையும் 2016 அக்டோபருக்குள் ரத்து செய்துவிட வேண்டும் என்று அவர்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களில் ஹெச்டிடிபிஎஸ் வேண்டும் என்றால் நீங்களே ஒரு சான்றிதழ் மையம் நடத்தி, அதன் ரூட் சான்றிதழை ஒவ்வொரு கைப்பேசியிலும் ஏற்ற வேண்டும். சொந்த டொமைனின் கிளை என்றால், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடம் டிஎன்எஸ்-01 முறையில் வாங்கிவிடலாம். பொது ஜோனில், அதாவது அந்த டொமைனின் வெளி டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பில், டிஎக்ஸ்டி என்ற வகைப் பதிவு (ரெக்கார்டு) ஒன்று தோன்றினால் போதும். உங்கள் என்ஏஎஸ் பெட்டியை (நெட்வொர்க் சேமிப்பகத்தை) இணையத்திலிருந்து யாரும் தொடவே தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: வழங்கப்படும் சான்றிதழில் உள்ள பெயர்கள் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறும். சம்பளம்.இன்ட்.எக்சாம்பிள்.காம் என்று ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றால், கிளையின் எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வாங்குங்கள். 2018 மார்ச் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அதையும் தருகிறது.

கிளை என்று சொல்வதில் இன்னொரு காரணமும் உண்டு. சிலர் எக்சாம்பிள்.காம் முழுவதையும் உள்ளே ஒரு நகல், வெளியே ஒரு நகல் என்று வைப்பார்கள். வெளியே வலைத்தளத்துக்குப் புது ரெக்கார்டு சேர்த்தால், உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. இரண்டையும் கையால் சேர்த்தே திருத்த வேண்டும், என்றாவது ஒருநாள் மறந்துபோகும். உள்ளே இருப்பது முழுக்கத் தனிக்கிளையாக இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

எந்த மென்பொருள்?

இதில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும் சேர்ந்தே வேண்டும் என்றால் டிஎன்எஸ்மாஸ்க். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்துப் பதில் சொல்லும், டிஹெச்சிபியில் முகவரி வாங்கிய கருவியின் பெயரையும் தானே சேர்த்துக்கொள்ளும். வெளிப் பெயர்களை யாரிடமும் கைமாற்றாமல் டிஎன்எஸ் மரத்தின் உச்சியான ரூட்டிலிருந்து தானே தேடி, பதில்களின் டிஜிட்டல் கையெழுத்தை டிஎன்எஸ்செக் முறையில் சரிபார்க்க வேண்டும் என்றால் அன்பவுண்ட். ஜோன் கோப்புகள், இரண்டாவது சர்வருக்கு ஜோனை அனுப்புவது என்றெல்லாம் முறைப்படி வேண்டும் என்றால் பைண்ட். 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள். கைபிடி சற்றுக் கனமாக இருக்கும், ஆனால் அதில் செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை.

எதை எடுத்தாலும் சில முன்னேற்பாடுகள். டிஎன்எஸ் சர்வருக்கு முகவரி நிலையானதாக இருக்க வேண்டும். உபுண்டு போன்றவற்றில் பெயர் தேடித் தரும் உள்சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு, டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டை ஏற்கெனவே 127.0.0.53-ல் பிடித்துவைத்திருக்கும். உங்கள் சர்வர் எல்லா முகவரியிலும் கேட்க முயன்றால் எழவே எழாது. குறிப்பிட்ட முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள், அல்லது ரிசால்வ்டு அந்தப் போர்ட்டில் கேட்பதை நிறுத்துங்கள். ஃபயர்வாலில் 53-ஐ யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறப்பது வழக்கமாக நடப்பது. பெரிய பதில்களும் ஜோன் பரிமாற்றமும் டிசிபியில்தான் போகும். ரிக்கர்ஷனை, அதாவது வெளிப் பெயர்களையும் தேடித் தருவதை, உள் முகவரிகளுக்கு மட்டும் அனுமதியுங்கள். எல்லோருக்கும் திறந்து கிடக்கும் ரிசால்வர் (பெயர் தேடித் தரும் சர்வர்), வேறு யாரையோ தாக்குவதற்குக் கருவியாகிவிடும்.

ஜோன் கோப்பில் ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம். 'என்ஏஎஸ் 3600 ஐஎன் ஏ 192.168.10.5' என்று இருக்கும். இதில் 3600 என்பது டிடிஎல். இந்தப் பதிலை எத்தனை விநாடி கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. இடதுபக்கம் வெறும் 'என்ஏஎஸ்' என்று புள்ளியில்லாமல் இருப்பதால், ஜோனின் பெயர் தானாக ஒட்டி என்ஏஎஸ்.இன்ட்.எக்சாம்பிள்.காம் ஆகிவிடும். ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் ரெக்கார்டின் வலதுபக்கத்துக்கும் இதே விதி பொருந்தும். அங்கே முழுப் பெயரையும் எழுதிவிட்டுக் கடைசிப் புள்ளியை விட்டால், அது இன்ட்.எக்சாம்பிள்.காம்.இன்ட்.எக்சாம்பிள்.காம் என்று இரட்டித்துப்போகும். சர்வர் இதைப் பிழை என்று சொல்லாது, அதன் கண்ணில் இது செல்லுபடியாகும் பெயர்தான். கோப்பைச் சேமிக்கும் முன் முழுப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் கடைசியில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

ஜோனின் தலைப்பில் இருக்கும் எஸ்ஓஏ ரெக்கார்டில் ஐந்து எண்கள் வரும். முதலாவது சீரியல், ஜோனைத் திருத்தும்போதெல்லாம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சர்வர் புதிய நகலை எடுக்காது. தேதியையே சீரியலாக எழுதுவது நல்ல வழக்கம். ஐந்தாவது எண்ணைப் பலர் எங்கிருந்தோ ஒட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2308-க்குப் பிறகு அதன் வேலை, 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்வது. அதில் 86400 என்று இருந்தால் என்ன ஆகும்? புதிய சர்வருக்கு ரெக்கார்டு சேர்ப்பதற்கு முன்பே யாரோ ஆர்வத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். இல்லை என்ற பதில், இடையில் இருக்கும் கேஷில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் ரெக்கார்டைச் சேர்த்த பிறகும் மணிக்கணக்கில் அவருக்கு மட்டும் திறக்காது. உள் ஜோனுக்கு 60 அல்லது 300 போதும்.

யார் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான உள் டிஎன்எஸ் தடுமாறுகிறது. டிஹெச்சிபி அமைப்பில் முதல் டிஎன்எஸ்ஸாக உங்கள் சர்வரையும், 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாக கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-ஐயும் போடுவார்கள். பார்க்க விவேகமாகத் தெரியும். கேள்வி கேட்கும் கணினியான கிளையண்டைப் பொறுத்தவரை, பட்டியலில் உள்ள எல்லா சர்வரும் ஒரே பதிலைத்தான் சொல்லும் என்பது நம்பிக்கை. முதலாவது 'இல்லை' என்று சொன்னால் இரண்டாவதிடம் போகாது. முதலாவது பதில் சொல்லாமல் விட்டால் போகும். போனால், இன்ட்.எக்சாம்பிள்.காம் பற்றி ஒன்றும் தெரியாத பொது சர்வர், இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடும்.

இதில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். வழக்கமான லினக்ஸில் பெயர் தேடும் வேலையைச் செய்யும் ஜிலிப்சி நூலகம் பட்டியலை வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி காத்திருக்கும். சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒரு தடவை இரண்டாவது சர்வருக்குத் தாவினால், அது நன்றாக ஓடும்வரை அங்கேயே தங்கிவிடும். ஆல்பைன் லினக்ஸில் உள்ள மசல் நூலகம் எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். அதாவது ஆல்பைன் கண்டெய்னருக்குள் உங்கள் உள் பெயர் கிடைப்பதும் கிடைக்காததும் எந்தப் பதில் முந்துகிறது என்பதைப் பொறுத்தது. சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை என்று யாராவது வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது, டிஎன்எஸ் பட்டியலில் இரண்டாவதாக என்ன இருக்கிறது என்பதைத்தான். மாற்று வேண்டும் என்றால் அதே ஜோனை வைத்திருக்கும் இன்னொரு உள் சர்வரை வையுங்கள். பொது சர்வர் உங்கள் சர்வருக்குப் பின்னால் இருக்கலாம், பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஐபிவி6 வழியாகவும் கிளையண்டுகள் நழுவும். டிஹெச்சிபியில் நீங்கள் எல்லாம் சரியாகப் போட்டிருப்பீர்கள்; ரவுட்டர் தன் ஐபிவி6 அறிவிப்பில் வேறொரு டிஎன்எஸ் முகவரியைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கும். கைப்பேசிகள் அதைக் கேட்கப் போய்விடும். ரவுட்டரில் அந்த அறிவிப்பை உங்கள் சர்வரின் முகவரிக்கு மாற்றுங்கள், அல்லது டிஎன்எஸ் பகுதியை மட்டும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ்ஸில் ஒரு சேவையின் பெயரைக் குறிப்பிட்டு வைத்திருப்பவர்களுக்கும், பிரவுசரில் மறைகுறியாக்கப்பட்ட டிஎன்எஸ்ஸைத் தாங்களே இயக்கியவர்களுக்கும் உங்கள் உள் பெயர்கள் எட்டாது. அதை வலுக்கட்டாயமாகத் தடுப்பதைவிட, அந்த ஆளிடம் சொல்லிப் புரியவைப்பதே முறை என்பது என் கருத்து. தன் கேள்விகளை மறைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

டிஎன்எஸ்செக் சரிபார்க்கும் ரிசால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. .இன்டர்னல் என்று ஒன்று கிடையாது என்பதற்கு ரூட் ஜோன் கையெழுத்திட்ட ஆதாரமே தரும். வேறொரு உள் சர்வர் தரும் .இன்டர்னல் பதிலைச் சரிபார்க்கப் போனால், அது போலி என்று சொல்லி சர்வ்ஃபெயில் என்ற பிழை வரும். அந்த ஜோனுக்கு மட்டும் சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்ல அன்பவுண்டில் 'டொமைன்-இன்செக்யூர்' இருக்கிறது, பைண்டில் 'வேலிடேட்-எக்செப்ட்'. ஹோம்.ஆர்பாவுக்கு ஆர்பா ஜோனிலேயே கையெழுத்தில்லாத ஒப்படைப்பு (கிளையை வேறு சர்வர்களிடம் விடும் குறிப்பு) ஒன்று வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. இப்படி முன்யோசனையோடு எழுதப்பட்ட தரநிலைகளைப் பார்க்கும்போது எழுதியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை வரும்.

சரிபார்ப்புக்கு நேரமும் சரியாக இருக்க வேண்டும், கையெழுத்துகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. சின்னக் கணினியான ராஸ்பெரி பையில், 4-ஆம் மாடல் வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. நெடுநேரம் மின்சாரம் போய்த் திரும்பினால் அதன் நேரம் பழையதாக இருக்கும். நேரம் தப்பாக இருப்பதால் கையெழுத்துகள் செல்லாது, பெயர்கள் கிடைக்காது, சரியான நேரம் தரும் என்டிபி சர்வரின் பெயரும் கிடைக்காது, அதனால் நேரமும் திருந்தாது. என்டிபி அமைப்பில் ஒரு சர்வரையாவது ஐபி முகவரியாகவே கொடுத்துவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். உங்கள் ரவுட்டரே என்டிபி தருமானால் அதன் முகவரி போதும்.

பின்னோக்கிய ஜோனை, அதாவது எண்ணிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டுகளை, வேண்டாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். லாக் கோப்பில் வெறும் எண்ணுக்குப் பதில் பெயர் இருந்தால் படிப்பதே வேறு. பழைய எஸ்எஸ்எச் சர்வரில் பாஸ்வேர்டு கேட்கும் முன் பல விநாடி நின்று யோசிப்பது பெரும்பாலும் இந்தப் பின்தேடல் பதிலில்லாமல் காத்திருப்பதால்தான். ஓபன்எஸ்எஸ்எச் 6.8-லிருந்து அந்தத் தேடல் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. தனியார் முகவரிகளைப் பற்றிய இப்படிப்பட்ட கேள்விகள் வெளியே கசிவது உலகம் முழுக்க இவ்வளவு அதிகம் என்பதால், அவற்றை வாங்கி 'இல்லை' என்று சொல்வதற்கென்றே ஏஎஸ்112 என்ற தன்னார்வத் திட்டம் ஓடுகிறது. நம் பங்குக்கு நம் கேள்விகளை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும்போது வரிசை முக்கியம். முதலில், டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையால் சர்வரின் முகவரியைக் குறிப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள். பதிலில் 'ஏஏ' என்ற கொடி இருந்தால் ஜோனை வைத்திருக்கும் சர்வரே சொல்கிறது. இல்லாவிட்டால் கேஷிலிருந்து வந்திருக்கலாம். என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயர் இல்லை, ரெஃபியூஸ்டு என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை, சர்வ்ஃபெயில் என்றால் சரிபார்ப்பிலோ மேல் சர்வரிலோ கோளாறு. டிக்கில் சரியாக வந்து பிரவுசரில் வரவில்லை என்றால் சர்வரைக் குடைய வேண்டாம். டிக் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, சர்ச் பட்டியலையும் (சுருக்கப் பெயரின் பின்னால் ஒட்டும் டொமைன்களை) தானாகச் சேர்க்காது. 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளைதான் மற்ற மென்பொருள்கள் போகும் அதே பாதையில் போகும். இரண்டும் வேறு வேறு சொன்னால் கோளாறு அந்தக் கணினியில் இருக்கிறது.

இரண்டாவது சர்வரை முதலாவதோடு ஒரே மெஷினில் இன்னொரு விர்ச்சுவல் மெஷினாக வைப்பதில் பயன் குறைவு. பழைய சின்னக் கணினி ஏதாவது ஒன்று போதும். எஸ்ஓஏவில் எக்ஸ்பயர் எண்ணை ஒன்றிரண்டு வாரமாக வையுங்கள். முதலாவது சர்வர் போய்விட்டால் அத்தனை நாள்வரைக்கும் இரண்டாவது பதில் சொல்லும், அதற்குப் பிறகு ஜோனையே கைவிட்டுவிடும்.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் மணிக்கணக்கில் முடங்கியபோது, அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்து எட்டாமல் போனதோடு, பழுது பார்க்கப் பயன்படும் உள் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் சேர்ந்து நின்றன. அளவு வேறானாலும் நம் நெட்வொர்க்குக்கும் இது பொருந்தும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், ரவுட்டர், ஸ்விட்ச், இரண்டு டிஎன்எஸ் சர்வர்கள் ஆகியவற்றின் முகவரிகளை மட்டும் எண்ணாகவே எழுதி, நெட்வொர்க் இல்லாமலும் திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். டிஎன்எஸ் சர்வரின் கான்ஃபிக்கில் மேல் சர்வரையும் ஜோன் பரிமாற்றத்துக்கான துணை சர்வரையும் குறிப்பிடும் இடங்களிலும் எண்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் பெயரை எழுதுங்கள், அந்தப் பேக்கப் ஸ்கிரிப்டில் தொடங்கி.